குன்னூர் எலிகளும் அம்மாவின் டீயும் பன்னும்

நான் பி.காம். மூன்றாம் வருடம். எலிக்கும் எனக்கும் உள்ள சம்பந்தம் வீட்டு அரிசி மூட்டையோடு முடிந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். போன மாதம் அந்த நினைப்பு மாறிவிட்டது. கதையைக் கேளுங்கள்.

அம்மா இங்கே அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங். ஆர்டர் அவசரம் என்றால் ஒன்றரை ஷிப்ட். ஒரு நாள் நின்றபடியே தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8. "என்னம்மா சாப்பிடறீங்க?" என்று கேட்டார் டாக்டர். "காலைல டீயும் வர்க்கியுங்க. மத்தியானம் சோறு. சாயந்திரம் டீயும் பன்னுங்க" என்றார் அம்மா, ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வது போல.

விலங்கியல் படிக்கும் நண்பனிடம் இதைப் புலம்பினேன். "குன்னூர் எலிக் கதை தெரியுமாடா?" என்றான். குன்னூருக்கு டூர் போனபோது சிம்ஸ் பார்க்கில் போட்டோ எடுத்துக்கொண்டதோடு சரி. பக்கத்தில் இருந்த பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அங்கேதான் 1918-ல் ராபர்ட் மெக்காரிசன் என்ற டாக்டர், பெரிபெரி நோயை ஆராய ஒரே ஒரு அறையில் வேலையைத் தொடங்கினார்.

அவர் செய்த சோதனைகளில் ஒன்று இது. ஒரே வம்சத்து எலிகளைப் பல குழுக்களாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு சீக்கியர் சாப்பாடு: கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி. மற்ற குழுக்களுக்கு பட்டாணியர், மராட்டியர், கூர்க்கர், கன்னடர், வங்காளிகள், மதராசிகள் சாப்பாடு. நன்றாக வளர்ந்தது சீக்கியர் குழு. கடைசியில் வந்தது, தீட்டிய அரிசியை நம்பிய நம் மதராஸ் குழு.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகுதான் உறைத்தது. வடக்கத்தியர் பிறப்பிலேயே வீர இனம், தெற்கத்தியர் அப்படியில்லை என்று வெள்ளைக்காரன் ராணுவத்துக்கு ஆள் எடுத்த காலம் அது. ஆனால் எலிகள் அத்தனையும் ஒரே வம்சம். மாறியது சாப்பாடு மட்டும்தான். ஆக, எலி நம்மை அவமானப்படுத்தவில்லை, நமக்காக சாட்சி சொல்லியிருக்கிறது!

இன்னொரு சோதனையில் ஏழை இங்கிலாந்துக்காரர்களின் சாப்பாடு கொடுத்தார்: வெள்ளை ரொட்டி, மார்ஜரின், சர்க்கரை போட்ட டீ, ஜாம், டின்னில் அடைத்த இறைச்சி. அந்த எலிகள் வளரவில்லை. கவனித்துக்கொண்டவர்களையே கடித்தன. இரண்டு மாதத்தில் பலவீனமான எலிகளை மற்றவை கொன்று தின்ன ஆரம்பித்தன. வெள்ளை ரொட்டி, சர்க்கரை டீ. படித்ததும் அம்மாவின் பன்தான் கண்முன் வந்தது.

உடனே வீட்டுக்குப் போய் பிரசங்கம் செய்யக் கிளம்பியவனை நண்பன் நிறுத்தினான். "எலியை அப்படியே மனுஷனுக்குப் பொருத்தாதடா." எலியின் உடம்பு வைட்டமின் சி-யைத் தானே தயாரித்துக்கொள்ளும், நம் உடம்பால் முடியாது. அதனால் ஸ்கர்வி நோயை ஆராய கினிப் பன்றிதான் உதவியது. அம்மா விஷயத்தில் முக்கியமானது வேறொன்று. சாப்பாட்டோடு டீ குடித்தால், மனித உடம்பு உணவிலிருந்து எடுத்துக்கொள்ளும் இரும்புச்சத்து நன்றாகக் குறைகிறது. எலிக்கு அந்தப் பாதிப்பு நம்மைவிட மிகக் குறைவு. எலியை மட்டும் கேட்டிருந்தால், டீ ஒன்றும் செய்யாது என்றே சொல்லியிருக்கும். அதைத் தெரிந்துகொள்ள மனிதர்களிடமே சோதிக்க வேண்டியிருந்தது.

அப்போதுதான் எனக்குத் திடீரென ஒரு சந்தேகம்.

"அம்மா, டாக்டர் குடுத்த சத்து மாத்திரைய எதுல போட்டுக்கறீங்க?"

"டீலதான் கண்ணு. பெல்லடிச்சாதான நேரங் கெடைக்குது."

மூன்று வாரமாக அப்படித்தான் விழுங்கியிருக்கிறார்!

இப்போது மாத்திரை ராத்திரிக்கு மாறிவிட்டது, எலுமிச்சை பிழிந்த தண்ணீரோடு. சனிக்கிழமை சம்பளத்தில் முட்டைக்கும் கீரைக்கும் தனியாக எடுத்து வைக்கிறோம். காமர்ஸ் படித்ததற்கு அந்தக் கணக்கு மட்டும் என் பொறுப்பு. சீக்கியர் சாப்பாட்டில் இருந்த பாலுக்கும் வெண்ணெய்க்கும் இந்தக் கணக்கில் இடமில்லை. கூண்டு எலிக்குக் கிடைத்ததைத்தான் தின்ன முடியும். எங்கள் நிலைமையும் அதைவிடப் பெரிதாக வேறில்லை. டீ நேரத்தை இன்னமும் கம்பெனி பெல்தான் முடிவு செய்கிறது.

மெக்காரிசன் ஆரம்பித்த ஆய்வுக்கூடம் 1958-ல் ஹைதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. அங்கே இப்போது பருமனான எலிகளை வைத்து உடல் பருமனை ஆராய்கிறார்கள். எலிகளைக் கூண்டில் வைத்து நோவு கொடுப்பது சரியா என்று கேட்டால், எனக்கு முழு மனதாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அவை பட்ட பாட்டிலிருந்து தெரிந்துகொண்டதை அறையில் பூட்டி வைத்துவிட்டு, எங்கள் தெருவில் வர்க்கியும் டீயுமே சாப்பாடாக இருந்தால், அது அந்த எலிகளுக்கும் செய்கிற துரோகம்தான்.

அடுத்த மாதம் அம்மாவுக்கு மறுபடியும் ரத்தப் பரிசோதனை. உங்கள் வீட்டிலும் யாராவது சத்து மாத்திரை சாப்பிடுகிறார்களா? எதோடு விழுங்குகிறார்கள் என்று இன்று ராத்திரி ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.