இரண்டு அங்குலப் பலகை

 

இது எஞ்சின் பூட்டுற உயரம் பற்றின பதிவு. கடலுக்குப் போகாதவர்களும் வாசிக்கலாம், மண்ணெண்ணெய்க் கணக்கு எல்லோருக்கும் விளங்கும்.

எங்கள் மச்சானிடம் இருப்பது பழைய யமஹா எஞ்சின். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட பிறகு கற்பிட்டியில் தொழில் செய்த காலத்தில் செக்கன்ட் ஹான்டாக வாங்கியது. பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிற இனம். ஊருக்குத் திரும்பி வந்தபோது லொறியில் கட்டிலோடு கட்டிலாக அதுவும் வந்தது. இங்கே 18 அடி பைபர் வள்ளத்தில் பூட்டினார். அன்று தொடக்கம் ஒரே முறைப்பாடு: ஓட்டமில்லை, எண்ணெய் குடிக்குது, பின்னால் தண்ணீர் ஏறுது.

2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ஆனது நினைவிருக்கும். இருபது லீற்றர் கான் ஒன்று 1,740 ரூபாய்க்கு நிறைந்தது, விடிந்தால் 6,800. பிடிபடுகிற மீனின் விலை அப்படி ஏறவில்லை. எஞ்சினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுக் கூலிக்குப் போகப் போவதாக மச்சான் சொன்னார். புதிது வாங்குவதென்றால் கடன். அந்தக் கடனுக்குக் கையெழுத்து வைக்க வேண்டியவர்கள் நாங்கள்தான்.

அப்போதுதான் முல்லைத்தீவுக் கரையில் நெடுநாள் தொழில் செய்த அண்ணை ஒருவர் வந்து பார்த்தார். குந்தியிருந்து வள்ளத்தின் அடியைப் பார்த்தார், எஞ்சினைப் பார்த்தார். “சேர், எஞ்சினுக்கு ஒண்டுமில்லை. அது இன்னும் கற்பிட்டி வள்ளத்திலதான் நிக்கிறன் எண்டு நினைச்சு ஓடுது” என்றார்.

விசயம் இதுதான். புரொப்பெல்லருக்கு மேலே படுத்த மாதிரி ஒரு தகடு இருக்கும். அது வள்ளத்தின் அடிமட்டத்தோடு ஏறக்குறைய ஒரே நேரில் வர வேண்டும். ஒரு அங்குலம் வரை தாழ்ந்தால் பரவாயில்லை. எஞ்சின் காலில் கட்டை, நெட்டை என்று இரண்டு அளவு உண்டு, ஏறக்குறைய 15 அங்குலம், 20 அங்குலம். மச்சானுடையது நெட்டை. கற்பிட்டி வள்ளத்தின் பின்பலகை அந்த உயரத்துக்குச் சரி. இந்த வள்ளத்தின் பின்பலகையோ பதினேழரை அங்குலம்தான்.

ஒன்பதாம் ஆண்டு படிக்கிற மருமகன் நீளமான அலுமினியச் சட்டத்தை வள்ளத்தின் அடியோடு ஒட்டிப் பின்னுக்கு நீட்டிப் பிடித்தான். தகடு இரண்டரை அங்குலம் கீழே நின்றது. வகுப்பில் அளவுகோல் பிடிக்கச் சொன்னால் கொட்டாவி விடுகிறவன், அன்று மூன்று தரம் அளந்தான்.

“தாழ இருந்தாத்தான் தண்ணி பிடிக்கும்” என்று கரையில் எல்லோரும் சொல்வார்கள். பாதி உண்மை. மிகவும் உயர்ந்தால் புரொப்பெல்லர் காற்றை இழுத்து எஞ்சின் அலறும். குளிர்விக்கிற தண்ணீர் உள்ளே போகாமல் சூடேறும். ஆனால் தேவைக்கு மேல் தாழ்ந்தால் அந்தக் காலையே தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு ஓட வேண்டியிருக்கும். எண்ணெய் அங்கேதான் போகிறது. எஞ்சின் தலையும் அலைக்குக் கிட்ட வந்துவிடும்.

பாலைக் கட்டையில் பின்பலகையின் தடிப்புக்கே இரண்டரை அங்குல உயரத் துண்டு சீவி மேலே வைத்தோம். அது மட்டும் போதாது, கிளாம்ப் துண்டை மட்டும் கடித்துக்கொண்டு நிற்கும். உட்புறத்தில் ஒரு பலகையை இரண்டுக்கும் சேர்த்துப் படிய வைத்து, ஊடுருவி போல்ற் போட்டோம். துளைகளுக்கு றெசின் பூசினோம். பைபருக்குள்ளே இருப்பது ஒட்டுப்பலகை, தண்ணீர் இறங்கினால் உக்கிவிடும். சிலர் ஒட்டுப்பலகைத் துண்டுகளை அடுக்கி அதன்மேல் எஞ்சினை மாட்டுகிறார்கள். அது வேண்டாம். அதிர்வில் கிளாம்ப் இளகினால் எஞ்சின் கடலுக்குள். எப்படிப் பூட்டினாலும் எஞ்சினுக்கு ஒரு சங்கிலி போடுங்கள்.

வெறும் வள்ளத்தில் ஓடிப் பார்ப்பதில் பயனில்லை. வலை, ஐஸ்பெட்டி, ஆட்கள் எல்லாம் ஏற்றிக்கொண்டு போனோம். நேராக ஓடும்போது நல்லாய் இருந்தது. திருப்பும்போது அலறியது. கரைக்கு வந்து அரை அங்குலம் சீவினோம். இரண்டு அங்குலத்தில் அலறல் நின்றது.

அதே இடத்துக்குப் போய்வர இப்போது ஏறக்குறைய மூன்று லீற்றர் குறைவு. அந்த விலைக்கு ஓட்டமொன்றுக்கு ஆயிரம் ரூபாய். கடன் பத்திரத்தில் நாங்கள் கையெழுத்து வைக்கவில்லை. மச்சான் இரும்புக்காரனுக்குக் கோல் எடுத்து வர வேண்டாமென்றார்.

பாலைக் கட்டையில் இன்னும் இரண்டு துண்டு வீட்டில் கிடக்கிறது. வாடை தொடங்கினால் வள்ளங்கள் கரையில்தான் நிற்கும், அளப்பதற்கு நல்ல நேரம். தேவையானவர்கள் பள்ளிக்கூடம் விட்ட பிறகு வாருங்கள். அலுமினியச் சட்டம் மருமகனிடம் இருக்கிறது.