பதினொருவர் சுமந்த நாடு

பேரறிஞர் இப்னு கல்தூன் தமது ‘முகத்திமா’வை எந்த ஊரில் எழுதினார் என்று என் மாணவர்களிடம் கேட்பது வழக்கம். துனிஸ் என்பார் சிலர். கெய்ரோ என்பார் சிலர். அவர் பிறந்தது துனிஸில், மறைந்தது கெய்ரோவில். ஆனால் அந்நூல் உருப்பெற்றது இன்றைய அல்ஜீரியாவின் மேற்குப் பகுதியிலுள்ள இப்னு ஸலாமா கோட்டையிலே. அரசவைகளின் சூழ்ச்சிகளிலிருந்து ஒதுங்கி அங்கே அமர்ந்த அப்பெரியார், 1377ஆம் ஆண்டில் அதனை எழுதினார். நாடுகள் எழுவதும் வீழ்வதும் எதனால் என்ற வினாவுக்கு அவர் கண்ட விடை ஒரு சொல்லில் அடங்கும்: ‘அஸபிய்யா’.

இச்சொல்லின் வேர் ‘அஸப்’. உடலின் உறுப்புகளைப் பிணைத்து நிற்கும் நரம்பையும் தசைநாரையும் அது குறிக்கும். தனித்தனி மனிதர்களை ‘நாம்’ என்று உணரச் செய்யும் பிணைப்பே அஸபிய்யா. ஆனால் இதே சொல்லை நபிமொழிகளில் ஓதும்போது அதற்கு வேறொரு முகம் உண்டு. தன் கூட்டத்தார் அநீதி செய்தாலும், தன் கூட்டத்தார் என்பதற்காகவே அவர்கள் பக்கம் நிற்பது அங்கே கண்டிக்கப்படுகிறது. ஒரே சொல் நாட்டை எழுப்பும் வலிமையாகவும், நெஞ்சைக் குருடாக்கும் வெறியாகவும் நிற்கிறது. இவ்விரண்டையும் பிரிக்கும் கோடு எங்கே என்பதை விளக்க, அண்மைக்காலமாக நான் மாணவர்களுக்குக் காட்டும் எடுத்துக்காட்டு ஒரு பந்தாட்டக் குழு. அதுவும் அதே அல்ஜீரிய மண்ணைச் சேர்ந்தது.

மதரஸாவில் ஓதியவனுக்குக் கால்பந்தாட்டத்தில் என்ன வேலை என்று நண்பர் சிலர் கேட்பர். விளையாட்டனைத்தையும் ‘லஹ்வு’, அதாவது வீண்பொழுது, என ஒதுக்கிவிடும் பெரியவர்களும் நம்மிடையே உண்டு. அவர்களுடன் வாதிடுவது என் நோக்கமன்று. 1982ஆம் ஆண்டில், ரமளானை ஒட்டிய விடுமுறைக்கு ஊர் வந்திருந்த சிறுவனாகிய நான், குவைத்திலிருந்து வந்திருந்த என் சாச்சாவின் அருகில் அமர்ந்து வானொலி கேட்டேன். அவ்வாண்டு உலகக் கோப்பையில் குவைத்தும் ஆடியது. ஆதலால் சாச்சாவுக்கு அதில் பற்று. ஆனால் அல்ஜீரியா மேற்கு ஜெர்மனியை வென்றது என்ற செய்தி வந்த வேளையில்தான் அவர் எழுந்தே நின்றுவிட்டார். தம் நாடல்லாத ஒரு நாடு, தாம் ஆடாத ஓர் ஆட்டத்தில் வென்றதற்கு அவர் ஏன் அவ்வளவு மகிழ்ந்தார் என்பது அன்று எனக்கு விளங்கவில்லை. பிற்காலத்தில் அரபு நூல்களிலும் இதழ்களிலும் அந்நாட்டின் வரலாற்றைப் படித்தபோது விளங்கிற்று.

1830இல் பிரெஞ்சுப் படைகள் அல்ஜியர்ஸில் இறங்கின. அதன்பின் 132 ஆண்டுகள் அந்நாடு அந்நியர் கையில் இருந்தது. வேறு குடியேற்ற நாடுகளைப் போலன்றி, அல்ஜீரியாவைப் பிரான்சின் ஒரு பகுதி என்றே அவர்கள் அறிவித்தனர். மண் பிரான்சுக்கு உரியது; மண்ணின் மக்களோ குடிமக்கள் அல்லர். 1865ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒரு முஸ்லிம் முழுக் குடியுரிமை பெற வேண்டுமாயின், இஸ்லாமியத் தனியார் சட்டத்தைத் துறந்தாக வேண்டும். அரபுக் கல்வி நசிந்தது. அந்நிலையில் அறிஞர் அப்துல் ஹமீத் இப்னு பாதிஸ் அவர்கள் 1931இல் உலமாக்கள் சங்கத்தை நிறுவிப் பள்ளிகளைத் திறந்தார். எழுத்தின் வழியே ‘நாம்’ யார் என்று சொல்ல முனைந்தது அவ்வியக்கம்.

அவர்களுக்குப் பத்தாண்டு முன்னரே வேறொரு வழியில் அதையே சொல்லத் தொடங்கியிருந்தனர் அல்ஜியர்ஸ் நகரின் எளிய இளைஞர்கள். 1921இல் அவர்கள் ஒரு கால்பந்துக் கழகம் கண்டு, அதற்கு ‘மவ்லூதிய்யா’ என்று பெயரிட்டனர். மவ்லிதை நினைவூட்டும் பெயர். பச்சையும் சிவப்பும் அதன் நிறங்கள். தொடர்ந்து பல ஊர்களிலும் கழகங்கள் தோன்றின. அவற்றுள் பல ‘முஸ்லிம்’ என்ற சொல்லைத் தம் பெயரிலேயே தாங்கின. சட்டம் எந்தச் சொல்லால் அம்மக்களைத் தாழ்த்தியதோ, அதே சொல்லைச் சட்டையில் அணிந்துகொண்டு அவர்கள் ஐரோப்பியக் குடியேறிகளின் கழகங்களை எதிர்த்து ஆடினர். அரசியல் கூட்டம் கூடத் தடையிருந்த நாட்டில், ஆயிரக்கணக்கானோர் ஓரிடத்தில் கூடிக் குரலெழுப்ப இருந்த இடம் ஆடுகளம்.

1954 நவம்பர் முதல் நாள் விடுதலைப் போர் தொடங்கியது. 1956இல் தேசிய விடுதலை முன்னணியின் அழைப்பை ஏற்று முஸ்லிம் கழகங்கள் போட்டிகளினின்றும் விலகின. ஆனால் சிறந்த ஆட்டக்காரர் பலர் பிரான்சின் பெரிய கழகங்களில் ஆடிக்கொண்டிருந்தனர். அவர்களுள் இளையவர் ரஷீத் மக்லூஃபி. ஸதீஃப் நகரத்துப் பிள்ளை. 1945 மே 8ஆம் நாள், ஐரோப்பாவில் போர் முடிந்த கொண்டாட்டத்தின்போது, அந்நகரில் அல்ஜீரியக் கொடியேந்திய ஊர்வலத்தின்மீது துப்பாக்கி வெடித்தது. தொடர்ந்த அடக்குமுறையில் அந்த வட்டாரத்தில் பல்லாயிரவர் மாண்டனர். அப்போது மக்லூஃபிக்கு எட்டு வயது. வளர்ந்து, செயின்ட் எத்தியேன் கழகத்தில் சேர்ந்து, 1957இல் அக்கழகம் பிரான்சின் வாகையர் பட்டம் பெற உதவினார். மொனாகோ கழகத்தின் தடுப்பாட்டக்காரர் முஸ்தஃபா ஸைத்தூனி அவரினும் மூத்தவர். 1958ஆம் ஆண்டு சுவீடனில் நடக்கவிருந்த உலகக் கோப்பைக்குப் பிரான்ஸ் எண்ணியிருந்தவர்களில் இவ்விருவரும் அடங்குவர்.

1958 ஏப்ரல் நடுவில் இவர்களும் இவர்தம் தோழர் சிலரும் ஒருவருக்கும் சொல்லாமல் பிரான்சை விட்டு வெளியேறினர். திட்டத்தை வகுத்தவர் முஹம்மத் பூமஸ்ராக். சிலர் சுவிட்சர்லாந்து வழியாகவும், சிலர் இத்தாலி வழியாகவும் எல்லை கடந்தனர். வழியில் பிடிபட்டுச் சிறை சென்றாரும் உண்டு. மக்லூஃபி அப்போது பிரெஞ்சுப் படையில் கட்டாயச் சேவையிலிருந்தவர். ஆகவே அவர் படையை விட்டு ஓடிய குற்றத்துக்கும் ஆளானார். அனைவரும் துனிஸ் சேர்ந்து, நாடே இல்லாத ஒரு நாட்டின் அணியாக நின்றனர்.

அவர்கள் துறந்தவற்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நல்ல ஊதியம், வீடு, புகழ், உலகக் கோப்பை. அவ்வாண்டு சுவீடனில் பிரான்ஸ் மூன்றாமிடம் பெற்றது. அந்த மேடையில் இவர்களும் நின்றிருக்கலாம். உலகக் கால்பந்துச் சம்மேளனமோ இவர்களது அணியை ஏற்க மறுத்ததுடன், இவர்களோடு ஆடும் நாடுகளையும் எச்சரித்தது. எனினும் துனிசியா, மொராக்கோ, ஈராக், யூகோஸ்லாவியா, ஹங்கேரி, சீனம், வியட்நாம் எனப் பல நாடுகளில் நான்காண்டுகளில் எண்பதுக்கும் மேற்பட்ட ஆட்டங்களை அவர்கள் ஆடினர். பெல்கிரேடில் யூகோஸ்லாவியாவை 6-1 என்ற கணக்கில் வென்றது அவற்றுள் ஒன்று.

ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்பும் கொடி ஏற்றவேண்டும், கீதம் இசைக்கவேண்டும் என்பது அவர்களது வேண்டுகோள். அந்தக் கீதம் ‘கஸமன்’. 1955இல் அல்ஜியர்ஸ் சிறையிலிருந்து கவிஞர் முஃப்தி ஸகரிய்யா எழுதியது. ‘கஸமன்’ என்றால் ஆணையிட்டு என்று பொருள். நஹ்வு ஓதியவர் அறிவர்: அச்சொல் நஸ்பு பெற்று நிற்பதற்குக் காரணமான வினைச்சொல் வெளியே தெரிவதில்லை, அது மறைந்திருந்தே செயற்படுகிறது. வகுப்பில் இவ்விதியை நடத்தும்போதெல்லாம் எனக்கு அவ்வணியின் நினைவு வரும். அவர்களது நாடும் அன்று அவ்வாறே இருந்தது. நிலப்படத்தில் இல்லை, ஆயினும் பதினொருவரை அது நிற்கவைத்தது. அந்நியத் தலைநகரங்களில் அக்கொடியைக் கண்டு எழுந்து நின்ற மக்களுக்கு, அல்ஜீரியர் என்றொரு சமுதாயம் உண்டென்பதைத் தூதரகங்களுக்கு முன்பாக அறிவித்தவர்கள் இந்த ஆட்டக்காரர்களே. 1962 ஜூலை 5ஆம் நாள் நாடு விடுதலையடைந்தபோது, அதற்கு ஓர் அரசு புதிதாக அமைய வேண்டியிருந்தது; கால்பந்து அணி முன்னரே இருந்தது.

இத்துடன் கதை முடிந்தால் அது வெறும் புகழ்மாலையாகிவிடும். விடுதலைக்குப் பின் அரசு பந்தைத் தன் உடைமையாகக் கருதலாயிற்று. முதற் குடியரசுத் தலைவர் அஹ்மத் பின் பெல்லா இளமையில் மார்செய் கழகத்துக்காக ஆடியவர். 1965 ஜூன் 17இல் பிரேசில் அணி வஹ்ரான் நகரில் ஆடியதை அவர் நேரில் கண்டு மகிழ்ந்தார். இரண்டே நாளில் பூமதியன் படைபலத்தால் அவரைப் பதவியிறக்கினார். புதிய அரசு அரபு மொழியை நாடெங்கும் நிலைநாட்ட முற்பட்டது. நூறாண்டுக்கு மேல் அரபு பட்ட துன்பத்துக்கு அது நியாயமான மாற்றே. ஆனால் அந்நாட்டு மக்களில் கணிசமான பகுதியினரின் தாய்மொழி தமாஸிக்த், அதாவது பர்பர் மொழி, என்பதை அரசு காண மறுத்தது. கபீலிய்யா மலைப்பகுதியின் புகழ்பெற்ற கழகத்தின் பெயரிலிருந்து அந்தப் பகுதியின் பெயரே 1970களில் அகற்றப்பட்டது. 1977இல் அல்ஜீரியக் கோப்பை இறுதியாட்டத்தில், பூமதியன் முன்னிலையிலேயே, அக்கழகத்தின் அன்பர்கள் தம் மொழிக்காகக் குரலெழுப்பினர். மூன்றாண்டு கழித்து, 1980இல், தீஸி வஸ்ஸுவில் ஒரு சொற்பொழிவு தடுக்கப்பட்டதால் மூண்ட கிளர்ச்சியைப் ‘பர்பர் வசந்தம்’ என்கிறோம். அம்மொழி 2002இல் தேசிய மொழியாகவும், 2016இல் ஆட்சிமொழியாகவும் ஏற்கப்பட்டது.

அரபு ஆசிரியனாகிய நான் இதை ஏன் இவ்வளவு அழுத்திக் கூறுகிறேன்? நான் ஓதிக்கொடுப்பது அரபு. என்னைத் தாலாட்டியது தமிழ். அரபு எழுத்தில் தமிழை எழுதி, அரபுத்தமிழ் என்றொரு செல்வத்தையே படைத்த முன்னோரின் வழியில் வந்தவர்கள் நாம். மார்க்கத்தின் மொழியும் தாயின் மொழியும் ஒரே நெஞ்சில் பகையின்றி வாழும் என்பது நமக்கு வாழ்வாகவே தெரிந்த உண்மை. இதனை அல்ஜீரியாவின் ஆட்சியாளர் உணர அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று; ஆடுகளத்தின் படிக்கட்டுகளில் நின்றோர் அதற்கு முன்னரே உரக்கக் கூறிவிட்டனர். இப்னு கல்தூன் பர்பர் குலங்களின் வரலாற்றை விரிவாக எழுதிவைத்ததும் அரபு மொழியிலேதான் என்பதை அங்குள்ள ஆட்சியாளர் நினைவிற் கொண்டிருக்கலாம்.

இனி, என் சாச்சா எழுந்து நின்ற 1982க்கு வருவோம். ஜூன் 16ஆம் நாள் ஸ்பெயினின் ஹிஹோன் நகரில், அன்றைய ஐரோப்பிய வாகையரான மேற்கு ஜெர்மனியை அல்ஜீரியா 2-1 என வென்றது. உலகக் கோப்பையில் ஓர் ஆப்பிரிக்க அணி ஐரோப்பிய அணியை வென்றது அதுவே முதன்முறை. பயிற்சியாளராக அமர்ந்திருந்த இருவருள் ஒருவர், 1958இல் ஓடிவந்த அதே மக்லூஃபி. ஆனால் ஜூன் 25இல் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் மோதின. அல்ஜீரியா தன் கடைசி ஆட்டத்தை முந்திய நாளே முடித்திருந்தது. ஜெர்மனி 1-0 என வென்றால் ஐரோப்பிய அணிகள் இரண்டும் அடுத்த சுற்றுக்குச் செல்லும் என்ற நிலை. பத்தாம் நிமிடத்தில் ஒரு கோல் விழுந்தது. எஞ்சிய நேரம் முழுவதும் பந்து நோக்கமின்றி உருண்டது. அல்ஜீரியா வெளியேறியது. அதன் முறையீடு ஏற்கப்படவில்லை. ஆனால் 1986 முதல் உலகக் கோப்பையில் ஒவ்வொரு பிரிவின் கடைசி ஆட்டங்களும் ஒரே நேரத்தில் நடத்தப்படுகின்றன. தோற்ற நாட்டின் முறையீடு எல்லா நாடுகளுக்கும் ஒரு நீதியாயிற்று.

அஸபிய்யாவின் மறுமுகத்தை 2009இல் கண்டோம். தென்னாப்பிரிக்க உலகக் கோப்பைக்குத் தகுதி பெறும் போட்டியில் அல்ஜீரியாவும் எகிப்தும் எதிர்நின்றன. கெய்ரோவில் அல்ஜீரிய அணியின் பேருந்து கல்லெறிக்கு உள்ளாகி ஆட்டக்காரர்கள் காயமுற்றனர். அல்ஜியர்ஸில் எகிப்திய நிறுவனங்கள் தாக்கப்பட்டன. நவம்பர் 18இல் ஸூடானின் உம்மு துர்மானில் நடந்த முடிவாட்டத்தில் அல்ஜீரியா 1-0 என வென்றது. எகிப்து தன் தூதரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. ஒரே மொழி, ஒரே கிப்லா. அதைவிட வேதனை ஒன்றுண்டு: ‘கஸமன்’ கீதத்துக்கு இசையமைத்தவர் முஹம்மத் ஃபவ்ஸி என்னும் எகிப்தியர். அன்று கல்லெறிந்தோருக்கும் கடை உடைத்தோருக்கும் அது நினைவிலிருந்திருக்குமா?

பத்தாண்டு கழித்து அதே நாட்டில் அதே ஆடுகளக் குரல் வேறு வடிவம் கொண்டது. 2019 பிப்ரவரி 22 முதல் மக்கள் வெள்ளிதோறும் வீதியில் திரண்டு, ஐந்தாம் முறையும் பதவி நாடிய பூதஃப்லீக்காவை எதிர்த்தனர். ஊர்வலங்களில் ஒலித்த பாடல்கள் பல, கால்பந்துக் கழக அன்பர்கள் படிக்கட்டுகளில் பாடிப் பழகியவை. ஏப்ரல் 2இல் அவர் பதவி விலகினார். அவ்வாண்டு ஜூலை 19இல், அதே கெய்ரோவில், அல்ஜீரியா ஆப்பிரிக்கக் கோப்பையை வென்றது. பயிற்சியாளர் ஜமால் பில்மாதியும், தலைவர் ரியாத் மஹ்ரஸும் பிரான்சில் பிறந்தவர்கள். தந்தையர் காலத்தில் பிரான்சை விட்டு ஓடிவந்து நாட்டுக்காக ஆடினர். பிள்ளைகள் பிரான்சிலேயே பிறந்தும் அந்நாட்டைத் தமதென்று தேர்ந்தனர்.

இன்று என் வகுப்புப் பிள்ளைகள் கடல்கடந்த கழகங்களின் சட்டைகளை அணிந்து வருகின்றனர்; அவற்றின் பொருட்டுத் தம்முள் பேச்சற்றுப் பிரிவதும் உண்டு. அவர்களிடம் நான் ஆட்டத்தைப் பழிப்பதில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன்: “நீங்கள் ‘நாம்’ என்று சொல்லும்போது அதற்காக எதைக் கொடுத்தீர்கள்? அந்த ‘நாம்’ யாருக்கு இடம் கொடுத்தது, யாரை வெளியே தள்ளியது?” 1958இல் கொடுத்தவர்கள் தம் வாழ்வையே கொடுத்தனர். 1977இல் படிக்கட்டில் நின்றவர்கள் விடுபட்டோருக்கு இடம் கேட்டனர். 2009இல் கல்லெறிந்தவர்கள் ஒன்றும் கொடுக்கவில்லை. உடன்பிறந்தாரை வெளியே தள்ளினர். மூன்றுக்கும் பெயர் அஸபிய்யாவே. ஆனால் இப்னு கல்தூன் கண்ட பிணைப்பு எது, நபிமொழி கண்டித்த வெறி எது என்பதைப் பிள்ளைகள் தாமே பிரித்தறிந்து விடுகின்றனர்.

ரஷீத் மக்லூஃபி 2024 நவம்பர் 8ஆம் நாள் தம் எண்பத்தெட்டாம் வயதில் காலமானார். அவர் பிறந்தபோது அல்ஜீரியா என்றொரு அரசு இல்லை. அடக்கம் செய்யப்பட்டபோது அது விடுதலை பெற்று அறுபத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. இறைவன் அவருக்கும் அவருடைய தோழர்களுக்கும் அருள்புரிவானாக.