தாண்டிக்குடி ஓடையில் டைனோசர் காலத்து மரம்

வத்தலக்குண்டிலிருந்து பட்டிவீரன்பட்டி வழியாகத் தாண்டிக்குடி போகும் பாதையில், மலை ஏறத் தொடங்கியதும் பயிர் மாறிக்கொண்டே வரும். கீழே தென்னையும் மாவும். தடியன்குடிசை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தைத் தாண்டி மேலே போனால் காப்பி, மிளகு, மலைவாழை, ஆரஞ்சு. ஊர் இருப்பது 4,000 அடிக்கு மேல். இங்கிருந்துதான் முருகன் பழனிக்குத் தாண்டிக் குதித்தார், அதனால்தான் இந்தப் பெயர் என்பது ஊரார் சொல்லும் கதை. பழங்கால மக்கள் இறந்தவர்களுக்கு எழுப்பிய கற்திட்டைகளும் இங்கே உண்டு. வெளியூர்க்காரர்கள் பாலமுருகனைக் கும்பிட்டு, கற்திட்டையைப் பார்த்துவிட்டு, பழம் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். அந்தக் கற்களைவிடப் பல கோடி ஆண்டு பழைய வம்சம் ஒன்று ஓடையோரத்தில் நிற்பதை யாரும் காட்டுவதில்லை.

அதுதான் மரப்பெரணி. தூரத்தில் பார்த்தால் குட்டைத் தென்னை மாதிரி இருக்கும். கிட்டே போனால் மட்டை கருப்பாகவும், இளந்தளிர் நாய்வால் போலச் சுருண்டும் இருக்கும். பூ கிடையாது, காய் கிடையாது, விதையும் கிடையாது.

பட்டணத்துப் பொம்மைக் கடைகளில் டைனோசர் பெட்டி வாங்கினால் கூடவே நாலைந்து பிளாஸ்டிக் மரங்கள் வரும். பிள்ளைகள் அதைத் தென்னை என்றோ பனை என்றோ நினைத்துக்கொள்வார்கள். ஒழுங்காகச் செய்த பொம்மையாக இருந்தால் அது மரப்பெரணியாகவோ, சைக்கஸ் மரமாகவோ இருக்கும். வெளிநாடுகளில் பெரியவர்களே டைனோசர் உருவங்களைச் சேகரிக்கிறார்கள். அவர்களுக்காக அந்தக் காலத்துச் செடிகளை மட்டும் தனியாகச் செய்து விற்கிற நிறுவனங்களும் உண்டு. மிருகம் எவ்வளவு தத்ரூபமாக இருந்தாலும் பக்கத்தில் தென்னையை வைத்தால் காலக்கணக்கு தப்பிவிடும் என்பது அவர்கள் கவலை. நியாயமான கவலைதான்.

கண்ணால் பார்க்காத மரத்துக்கு எப்படி உருவம் கொடுக்கிறார்கள்? இதில் நம் நாட்டுக்காரர் ஒருவருக்குப் பெரிய பங்கு உண்டு. ஜார்க்கண்டின் ராஜ்மஹால் குன்றுகளில் கல்லாகிப்போன இலை, தண்டு, பூ எல்லாம் தனித்தனியாகக் கிடைத்தன. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு பெயர் வைத்திருந்தார்கள். பீர்பல் சாஹ்னி அவற்றை ஆராய்ந்து, மூன்றும் ஒரே வகை மரத்தின் உறுப்புகள் என்று 1932-ல் காட்டினார். அவர் ஒன்றுசேர்த்துக் காட்டிய வில்லியம்சோனியா மரத்தின் உருவம் தாவரவியல் பாடநூல்களில் இடம் பிடித்தது. டைனோசர் சேகரிப்புகளில் வைக்கும் செடி பொம்மைகளிலும் அந்த மரம் உண்டு. 1949 ஏப்ரலில் லக்னோவில் அவருடைய ஆராய்ச்சி நிலையத்துக்கு நேரு நாட்டிய அடிக்கல்லிலேயே கல்லான செடித் துண்டுகளைப் பதித்திருந்தார்கள். அடுத்த வாரமே சாஹ்னி காலமாகிவிட்டார்.

அந்த வகை மரத்தின் இலை அச்சுகள் தமிழ்நாட்டிலும் கிடைத்திருக்கின்றன: ஸ்ரீபெரும்புதூர், சிவகங்கை, திருச்சி பக்கம் ஊட்டத்தூர். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் சுமார் 12 கோடி ஆண்டு பழைய கல்மரம் 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது. 1940-ல் அதை உலகுக்குச் சொன்னவர் புவியியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன்.

பொம்மைக்காரர்கள் டைனோசரின் காலடியில் புல் வைக்கக் கூடாது என்று ஒரு கட்சி இருந்தது. அப்போது புல்லே இல்லை என்பது வாதம். மகாராஷ்டிரத்தின் பிஸ்துரா கிராமத்தில் கிடைத்த, கல்லாகிப்போன டைனோசர் சாணத்தை ஆராய்ந்தபோது அதற்குள் புல்லின் மணல் போன்ற சிலிக்காத் துகள்கள் இருந்தன. 2005-ல் அந்த ஆய்வு வெளியானது. பின்னர் வந்த ஆய்வு, அதில் சில நெல்லுக்குப் பங்காளிகள் என்று சொன்னது. சாணத்தைக் கிளறினால் விஷயம் கிடைக்கும் என்பது விவசாயிக்குப் புதிது இல்லை.

தாண்டிக்குடி ஓடைக்கே திரும்புவோம். ‘டைனோசர் பார்த்த மரம்’ என்று சொல்வதில் கொஞ்சம் மிகை இருக்கிறது. மரப்பெரணிக் குடும்பம் ஜுராசிக் காலத்திலேயே இருந்தது. இன்று நிற்கிற இனங்கள் அந்தக் குடும்பத்தின் பின்னாளைய பிள்ளைகள். ஆனால் பிழைக்கிற முறை மாறவில்லை. இலையின் அடியில் பழுப்புப் பொட்டுகள் இருக்கும். அதிலிருந்து உதிரும் தூள்தான் வித்து. அது ஈரமண்ணில் விழுந்து, நகத்தளவு பச்சைச் செதிலாக முளைக்கும். அந்தச் செதிலின் மேல் தண்ணீர்ப் படலம் இருந்தால்தான் ஆண் அணு நீந்திப் போய்ப் பெண் அணுவைச் சேரும். பிறகுதான் கன்று.

ஓடையோர நிழல் மரத்தை வெட்டி வெயிலை விட்டால், அல்லது கரை வரை களைக்கொல்லி அடித்தால், பெரிய மரம் சில காலம் நிற்கும். கீழே செதில் காய்ந்துவிடும். மரம் இருக்கிறதே என்று தோட்டக்காரர் நினைத்துக்கொண்டிருப்பார், வாரிசு இருக்காது. ஓடையை ஒட்டிப் பத்தடி அகலத்துக்குக் கரையைக் கொத்தாமல் விட்டால் மரப்பெரணிக்கும் நல்லது, ஊற்றுக்கும் நல்லது.

தண்டைச் சுற்றிக் கருப்பு நார் போல இருப்பது வேர்தான். ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் தேடுவது அதைத்தான். அதற்காகத் தண்டை அறுத்தால் மரம் போச்சு. நுனியில் ஒரே குருத்து, பக்கக்கன்று வருவது அரிது. இந்த மரங்களின் சர்வதேச வியாபாரத்துக்குக் கட்டுப்பாடும் இருக்கிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் தாழ்ந்த சரிவுகளில் சைக்கஸைப் பார்க்கலாம். நாட்டு மருந்துக் கடையில் மதனகாமப்பூ என்று விற்பது அதன் ஆண் கூம்புதான். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. கூம்பை முழுக்கப் பறித்துவிட்டால் பெண் மரத்தில் முளைக்கிற கொட்டை இருக்காது. இலையிலும் கொட்டையிலும் நஞ்சு உண்டு. மாடு மேய்ந்தால் பின்னங்கால் விளங்காமல் போகும். மேய்ச்சலுக்கு ஓட்டுகிறவர்கள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

மரப்பெரணி சமவெளியில் வருமா? வைக்கலாம், ஆனால் சித்திரை வெயிலிலும் வறண்ட காற்றிலும் மட்டை கருகும். வீட்டு வாசலுக்குச் சைக்கஸ்தான் தோது. காட்டிலிருந்து பெயர்த்ததை வாங்காமல், நாற்றங்காலில் கொட்டை போட்டு முளைத்த கன்றா என்று கேட்டு வாங்கவும். மெதுவாகத்தான் வளரும். ஆடு எட்டாத இடமாகப் பார்த்து வைக்கவும்.