பாட்டில் இல்லாத பாண்டி!

"சனி, ஞாயிறு பாண்டிக்குப் போறேன்" என்று ஆபீஸில் சொல்லிப் பாருங்கள். பக்கத்து சீட்காரர் கண்ணடிப்பார். கேஷியர் தோளில் தட்டுவார். பியூன் மட்டும் வெட்கப்படாமல், "சார், எனக்கும் ஒண்ணு..." என்று இழுப்பார். "யோவ், ஃபேமிலியோட போறேன்யா" என்று சொன்னீர்களோ போச்சு! மூன்று பேரும் ஒன்றாக உச்சுக் கொட்டுவார்கள். கல்யாண வீட்டுக்குப் போய் மொய் எழுதிவிட்டுப் பந்தியில் உட்காராமல் வருகிறவனைப் பார்ப்பது போல ஒரு பார்வை.

வீட்டில் நிலைமை வேறு மாதிரி. "குழந்தைங்களைக் கூட்டிக்கிட்டு பாண்டிக்குப் போலாமா?" என்று ஆசையாகக் கேட்டால், சம்சாரம் அடுப்பை அணைத்துவிட்டு வந்து முகத்தை உற்றுப் பார்க்கிறாள்.

"ஏங்க, கூட எந்த ஃப்ரெண்டு வர்றாரு?"

இந்த ஒரு கேள்விக்காகவே அவளை அழைத்துக்கொண்டு போக வேண்டும் சார்! பத்து தடவை பாண்டி போய் வந்த வீரனிடம் ஆயி மண்டபம் எங்கே என்று கேளுங்கள். "எந்த பார் பக்கத்துல?" என்பான். பிரெஞ்சுக்காரர்கள் 1954 நவம்பர் 1-ல் நிர்வாகத்தை ஒப்படைத்தார்கள். 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படியும் கை கழுவினார்கள். அவர்கள் விட்டுப்போனது ஒரு முழு ஊர். நம்ம ஆட்கள் அதில் எடுத்துக்கொண்டது வரி வித்தியாசத்தை மட்டும்.

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 150 கிலோமீட்டர். விடியற்காலையில் கிளம்பினால் டிபன் நேரத்துக்கு ஊருக்குள் இருக்கலாம். ரூம் போடும்போது ஏ.சி. இருக்கிறதா, டி.வி. இருக்கிறதா என்று கேட்பதற்கு முன்னால் "கீழே பார் இருக்கா?" என்று கேளுங்கள். இருந்தால் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள். ராத்திரி பதினொரு மணிக்குப் படிக்கட்டில் பாட்டுக் கச்சேரி நடக்கும். ஆசிரமத்து விருந்தினர் விடுதிகள் உண்டு. அங்கே குடியும் கூடாது, புகையும் கூடாது. ராத்திரி கேட்டைச் சாத்திவிடுவார்கள். உங்களுக்கு அது தண்டனையாகத் தெரியலாம். அவளுக்கு அதுதான் நிம்மதி.

முதலில் பாரதி பூங்கா. நடுவில் வெள்ளை வெளேரென்று நிற்பதுதான் ஆயி மண்டபம். குழந்தைகளை அங்கே உட்கார வைத்து இந்தக் கதையைச் சொல்லுங்கள். கிருஷ்ணதேவராயர் இந்தப் பக்கம் வந்தபோது, விளக்கு ஜொலிக்கிற ஒரு மாளிகையைப் பார்த்தார். கோயில் என்று நினைத்துக் கை கூப்பிவிட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் நெளிந்துகொண்டே, "மகாராஜா, அது ஆயி என்கிற தாசியின் வீடு" என்றார்கள். ராஜாவுக்கு வந்ததே கோபம்! இடித்துத் தள்ளச் சொன்னார். ஆயி அழுது புரளவில்லை. "கொஞ்சம் அவகாசம் கொடுங்கள், என் வீட்டை நானே இடித்து அங்கே குளம் வெட்டுகிறேன்" என்று கேட்டு வாங்கி, சொன்னபடி செய்தாள். பல தலைமுறைக்கு அப்புறம் பிரெஞ்சுக்காரர்களுக்கு நகரத்தில் நல்ல தண்ணீர்ப் பஞ்சம். முத்திரையர்பாளையத்துக் குளத்திலிருந்து வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கொண்டுவந்தார்கள். குளத்தின் கதையைக் கேட்ட மூன்றாம் நெப்போலியன், அவளுக்கு மண்டபம் கட்டச் சொன்னார் என்று ஊரில் சொல்கிறார்கள். கவர்னர் மாளிகைக்கு எதிரே, பூங்காவின் நட்டநடுவில், ஒரு தாசிக்கு நினைவுச் சின்னம்! வேறு எந்த ஊரில் பார்த்திருக்கிறோம்?

("தாசின்னா யாருப்பா?" என்று நிச்சயம் கேள்வி வரும். பதிலைப் பஸ்ஸிலேயே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.)

பூங்காவைச் சுற்றியே அரை நாள் ஓடிவிடும். வாசல் காவலில் சிவப்புத் தொப்பி போலீஸ். பிரெஞ்சுக் காலத்துத் தொப்பி, இன்னும் கழற்றவில்லை. பையன்கள் அதையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பக்கத்துத் தெருவில் மியூசியம். அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டி, ரோம் நாட்டோடு நடந்த வியாபாரத்தை உலகத்துக்கு எடுத்துச் சொன்னாரே, அந்த அரிக்கமேட்டு மண்பாண்டங்களும் மணிகளும் இங்கே உண்டு. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே இந்த ஊருக்குக் கப்பலில் ஒயின் வந்திருக்கிறது என்பதை மட்டும் சம்சாரத்திடம் சொல்ல வேண்டாம்.

மணக்குள விநாயகர் கோயில் வாசலில் லட்சுமி என்று ஒரு யானை இருந்தது. ஊருக்கே செல்லம். 2022 நவம்பர் 30-ம் தேதி காலை நடைப்பயிற்சிக்குப் போன இடத்தில் சரிந்து விழுந்து இறந்துபோனது. கடைசி ஊர்வலத்துக்குத் திரண்ட கூட்டத்தில் ஆண், பெண் பேதமில்லாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். முன்பு வந்து லட்சுமியிடம் ஆசீர்வாதம் வாங்கிய பிள்ளைகள் "ஆனை எங்கே?" என்று கேட்டால் சங்கடம்தான்.

ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதியார் வீட்டுக்கு ஒரு நடை போய்விடுங்கள். 1908-லிருந்து 1918 வரை பத்து வருஷம் இந்த ஊரில் இருந்தார். வெள்ளைக்காரப் போலீஸ் எல்லைக்கு அந்தப் பக்கம் காத்திருக்க, இந்தப் பக்கம் பாஞ்சாலி சபதமும் கண்ணன் பாட்டும் குயில் பாட்டும் பிறந்தன. ஆசிரமத்துக்குப் போவதானால் ஒரு விஷயம்: மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளை உள்ளே விடமாட்டார்கள். அந்த அமைதியில் நம் வீட்டு வாண்டு வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று நமக்கே தெரியும். சட்டம் நியாயம்தான்.

ஆரோவில்லை எல்லாரும் சிபாரிசு செய்வார்கள். நான் செய்யமாட்டேன், அதாவது சின்னப் பிள்ளைகளோடு, மதியம் பன்னிரண்டு மணிக்கு. வரவேற்பு மையத்திலிருந்து பார்வை இடம் வரை ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டும். போனால் தங்க உருண்டையைத் தூரத்திலிருந்து பார்க்கலாம், அவ்வளவுதான். மாத்ரி மந்திர் உள்ளே போக முன்கூட்டியே அனுமதி வேண்டும், பத்து வயதாவது ஆகியிருக்க வேண்டும். 1968 பிப்ரவரியில் 124 நாட்டு மண்ணைக் கொண்டுவந்து போட்டுத் தொடங்கிய ஊர் என்பதெல்லாம் கேட்கப் பெருமையாக இருக்கும். இடுப்பில் இருக்கிற பிள்ளைக்கு அது தெரியாது. அதற்குத் தண்ணீர்தான் தெரியும்.

அதற்கு சுண்ணாம்பாறு இருக்கிறது. கடலூர் ரோட்டில் நோணாங்குப்பம், டவுனிலிருந்து எட்டு கிலோமீட்டர் சுமார். படகுத் துறையில் டிக்கெட் எடுத்தால் ஆறு கடலைத் தொடுகிற மணல்திட்டு வரை கொண்டுபோய் விடுவார்கள். லைஃப் ஜாக்கெட்டைப் பிள்ளைகளுக்கு மாட்டிவிட்டு, "எனக்கெல்லாம் வேணாம்" என்று கையில் பிடித்துக்கொண்டு உட்காருகிற அப்பாக்களைப் பார்க்கிறேன். கையில் பிடித்தால் அது மிதக்காது சார், நீங்களும் மிதக்கமாட்டீர்கள். அந்தக் கரையில் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முகத்துவாரத்துத் தண்ணீர் மேலே சாதுவாக இருக்கும். கீழே இழுக்கும்.

சாயங்காலம் ஆறு மணிக்கு பீச் ரோடுக்கு வந்துவிட வேண்டும். ஆறிலிருந்து மறுநாள் காலை ஏழரை வரை அங்கே வண்டிக்கு அனுமதி இல்லை. ஆட்டோ இல்லை, ஹாரன் இல்லை. பிள்ளையின் கையை விட்டுவிட்டு நடக்கக்கூடிய ரோடு நம் ஊர்களில் எத்தனை இருக்கிறது? செஞ்சியிலிருந்து வந்த கல் தூண்களுக்கு நடுவில் காந்தி. எதிரே முதல் உலகப் போரில் செத்தவர்களுக்கான நினைவுச் சின்னம். 1836-ல் ஏற்றிய பழைய கலங்கரை விளக்கம். கொஞ்சம் தள்ளி மேரி கட்டடம். 2014 நவம்பர் மழையில் பொலபொலவென்று இடிந்து விழுந்தது. 2021-ல் பழைய மாதிரியே எழுப்பி நிறுத்திவிட்டார்கள்.

கட்டடத்தைக் கட்டிவிடலாம். கடற்கரையைக் கட்ட முடியுமா? பாண்டியில் நடந்த பெரிய கணக்கு இதுதான்.

ரொம்ப வருஷம் இந்த பீச்சில் எல்லாம் இருந்தது, மணலைத் தவிர. கறுப்புப் பாறாங்கல்தான். காரணம், 1980-களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காகப் போட்ட கல் அணைகள். நம் கிழக்குக் கரையில் மணல் சும்மா கிடப்பதில்லை. வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் அலையோடு தெற்கிலிருந்து வடக்கே நடந்துகொண்டே இருக்கும். நடுவில் அணை குறுக்கே நின்றதும் தெற்குப் பக்கம் டெபாசிட் ஏறிக்கொண்டே போனது. வடக்குப் பக்கம் வித்டிராயல் மட்டும். டவுன் பீச் காணாமல் போனது. ரோடு போய்விடக் கூடாதே என்று பாறை கொட்டினார்கள். பாறை போட்ட இடம் தப்பியது. கடல் தன் பசியை வடக்கே குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் என்று மீனவர் குப்பங்களில் தீர்த்துக்கொண்டது. அங்கிருந்து எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கும் போனது. வலை காயப்போடவும் படகு ஏற்றவும் இருந்த இடத்தில் அலை வந்து நின்றது. துறைமுகம் என்னமோ ஒன்று. பில் கட்டியவர்கள் வேறு.

பள்ளிக்கரணையில் இருக்கிற தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தார் 2018-ல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் ஆப்பு வடிவத்தில் ஒரு எஃகுத் திட்டை இறக்கினார்கள். அலையின் வேகம் அதில் உடைய, ஓடிப்போகிற மணல் தங்க ஆரம்பித்தது. பாறை மட்டுமே பார்த்த இடத்தில் இப்போது பிள்ளைகள் கோபுரம் கட்டுகிறார்கள். ஒரு பகுதியில்தான். மற்ற இடத்தில் பாறைதான். வடக்கே குப்பங்களின் பிரச்னை இன்னும் முடியவில்லை. ஆனாலும், ஒரு தலைமுறைக் குழந்தைகளுக்குக் கிடைக்காத மணல் உங்கள் பெண்ணின் பாவாடையில் ஒட்டிக்கொண்டு வருவது சின்ன விஷயமா?

ஒன்று மட்டும் கறாராக. டவுன் பீச்சில் இறங்கிக் குளிக்கத் தடை. போலீஸ் விசில் அடித்தால் அவர்களை முறைக்காதீர்கள். பாசி பிடித்த பாறையில் நின்று போட்டோ எடுக்கிற வீரம் வேண்டவே வேண்டாம். வெளியூரிலிருந்து வந்து இங்கே மாட்டிக்கொள்கிறவர்களில் நிறையப் பேர் நம் வயது, நம் மாதிரி சம்பளக்காரர்கள். பாதிப் பேர் தெளிவாக இருந்திருந்தால் இறங்கியே இருக்கமாட்டார்கள்.

மறுநாள் கையில் நேரம் இருந்தால் திருவக்கரை. முப்பது கிலோமீட்டருக்குள். இரண்டு கோடி வருஷத்துக்கு முன்னால் சாய்ந்த மரங்கள் கல்லாகிப் படுத்திருக்கின்றன. வரியெல்லாம் அப்படியே. "மரம்தானே?" என்று தொட்டுப் பார்த்து, "கல்லுப்பா!" என்று பிள்ளை கத்துகிற நிமிஷத்துக்குக் காசு கொடுக்கலாம். ஒரு துண்டு எடுத்துப் பையில் போட மட்டும் கூடாது. அரசாங்கச் சொத்து. அதே ஊரில் வக்கிரகாளி கோயில், மாமியார் கூட வந்திருந்தால் ரொம்ப வசதி. ஞாயிறு என்றால் காந்தி வீதி சண்டே மார்க்கெட்டைத் தவிர்க்க முடியாது. தெரு நீளத்துக்குத் துணி. பேரத்தை அவளிடம் விட்டுவிட்டு நீங்கள் பை பிடித்தால் போதும்.

திரும்பும்போது எல்லையில் செக்போஸ்ட். பாண்டியிலிருந்து வருகிற வண்டி என்றாலே ஒரு தனிப் பாசம். "டிக்கியைத் தொறங்க சார்" என்பார்கள். தாராளமாகத் திறந்து காட்டுங்கள். ஈரத் துண்டு, கிளிஞ்சல் ஒரு பை, பாதி தின்ற பிஸ்கட், காணாமல் போன இரண்டாவது செருப்பு, ஒரு கால் கிலோ மணல். ஆபீசர் குனிந்து இரண்டு தடவை தேடிவிட்டு நிமிர்ந்து கேட்பார்.

"பாண்டிக்குத்தான் போனீங்களா?"