பச்சைத் தோலும் பாதணியும்

ஹஜ்ஜுப் பெருநாளில் நாம் மதரஸாவுக்கு அனுப்பிவைக்கும் குர்பானித் தோல் பின்னர் எங்கே செல்கிறது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் ரயிலில் ஏறுங்கள். காட்பாடியைக் கடந்தபின், பாலாற்றை ஒட்டி ஆம்பூரும் வாணியம்பாடியும் வரும். பல ஊர்த் தோல்களும் வந்து சேரும் இடங்கள் இவை.

முற்காலத்தில் இங்குள்ள தோல் ஷாப்புகள் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோலைப் பதனிடுவதோடு நின்றன. அந்த அரைப் பதனீட்டுச் சரக்கு கப்பலேறி லண்டன் சந்தைக்குச் சென்றது. அது பாதணியாகவும் கைப்பையாகவும் மாறியபோது கிடைத்த பெரும் இலாபம் அயல்நாட்டாருக்கே உரியதாயிற்று. இந்நிலையை மாற்றுமாறு 1972-இல் சீதாராமையா குழு பரிந்துரைத்தது. அடுத்த ஆண்டு முதல் அரைப் பதனீட்டுத் தோலின் ஏற்றுமதிக்கு அரசு வரம்பு விதித்தது. அதன்பின் முழுமை பெற்ற தோலும், காலணியின் மேற்பாகங்களும், முழுக் காலணிகளும் இங்கிருந்தே கடல் கடந்தன.

எனினும் அரசாணை காலணி தைத்துவிடாது. அதற்குத் தேர்ந்த கை வேண்டும். பயின்ற அறிவும் வேண்டும். 1948-இல் சென்னையில் தோன்றிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் அவ்வறிவை வளர்த்தது. அதற்கு முன்பே, 1919-இல், வாணியம்பாடி முஸ்லிம் கல்விச் சங்கத்தார் இஸ்லாமியாக் கல்லூரியை நிறுவியிருந்தனர். தோலில் ஈட்டிய செல்வத்தைக் கல்வியில் இட்ட முன்னோரின் தொலைநோக்கு போற்றத்தக்கது.

காலை வேளையில் ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலையின் வாயிலில் நின்று பாருங்கள். சுற்றுக் கிராமங்களிலிருந்து பெண்கள் அணி அணியாக வருவார்கள். பச்சையாக விற்ற தோல் ஒருமுறைதான் விலை தரும். அதுவே காலணியானால் வெட்டுபவர், தைப்பவர், ஒட்டுபவர், வடிவமைப்பவர் என அத்தனை வீடுகளிலும் அடுப்பெரியும்.

ஆனால், இந்த வரவுக்கு எதிரே ஒரு செலவும் உண்டு. தோல் கழிவுநீரால் பாலாற்றுப் படுகையின் கிணறுகளும் வயல்களும் கெட்டன. மாசு செய்தவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீரைக் கெடுத்து ஈட்டும் இலாபம் பேரன் பேத்தியரிடம் வாங்கும் கடனேயன்றோ?

இவ்வூர்களைக் கடக்கும்போது நம்மை நாமே ஒன்று கேட்டுக்கொள்வோம்: ஆட்டுத் தோலின் மதிப்பை இத்தனை மடங்கு உயர்த்தினோம்; தையல் எந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் நம் பெண்மக்களை வடிவமைப்பு மேசைக்கும் நிர்வாக நாற்காலிக்கும் உயர்த்தும் கல்வியைத் தந்தோமா?