சுட்ட அன்றே துடைக்க வேண்டுமா? ஒரு விதியின் பூர்வீகம்

இலக்குச் சுடுதல் முடிந்ததும் துப்பாக்கியை அன்றே துடைத்து எண்ணெயிட வேண்டும் என்பது, இந்தியாவில் துப்பாக்கியைத் தொடும் எவரும் முதலில் கேட்கும் விதி. சேவூர், அவிநாசி, திருப்பூர் வட்டாரத்து மாணவர்களுக்கு அது பெரும்பாலும் என்.சி.சி. முகாமில் அறிமுகமாகிறது. அங்கே .22 ரைஃபிளுடன் புல்-த்ரூ என்ற கயிறும், ‘சிந்தி’ எனப்படும் துணித்துண்டும் வருகின்றன. துடைக்க 4×2 அங்குலத் துண்டு, எண்ணெய் தடவ அதைவிடச் சிறியது. சுட்ட அன்று ஒருமுறை துடைத்தால் போதாது, அடுத்த சில நாட்களும் துடைக்க வேண்டும் என்பது பாடத்தின் அடுத்த வரி. ஒருநாள் சுட்டதற்குப் பலநாள் துடைப்பு எதற்கு என்பதில்தான் இந்த விதியின் பூர்வீகம் இருக்கிறது.

என்.சி.சி.க்கு இந்தப் பழக்கம் பிரிட்டிஷ் இந்தியப் படையிலிருந்து வந்தது. இஷாப்பூரிலும் தயாரான .303 லீ-என்ஃபீல்டு ரைஃபிளின் கட்டைக்குள், பித்தளை மூடிக்கு அடியில், புல்-த்ரூவும் எண்ணெய்ச் சிமிழும் வைக்க இடம் இருந்தது. துடைக்கும் கருவி ஆயுதத்துக்குள்ளேயே குடியிருந்தது என்றால், துடைப்பது எவ்வளவு கட்டாயமாக இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். சுட்டபின் குழலுக்குள் முதலில் கொதிநீர் ஊற்றுவார்கள். உலர்த்தித் துடைத்த பிறகே எண்ணெய். அந்தத் தோட்டாக்களில் எரிந்தது கார்டைட். நீலகிரியின் அருவங்காட்டில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அதற்கென ஓர் ஆலை எழுந்தது. கார்டைட் அதிகம் புகையாத மருந்து, மிச்சமும் குறைவு. அப்படியிருந்தும் குழல் துருப்பிடித்தது.

இன்னும் பின்னே போனால் கரிமருந்துக் காலம் வருகிறது. வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10 என்ற விகிதத்தில் சேரும் இந்த மருந்து எரியும்போது, எடையில் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சும். பொட்டாசியம் கார்பனேட்டும் சல்பேட்டும் நிறைந்த அந்தக் கசடு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதைப் போக்க ஒரே வழி தண்ணீர்தான். நாட்டுத் துப்பாக்கியைச் சுட்ட கையோடு கழுவுவது அந்தக் காலத்தின் கட்டாயம். கழுவாமல் ஓரிரவு விட்டாலே குழலுக்குள் துரு தெரியும்.

புகையற்ற மருந்து வந்தபின் இந்தத் தொல்லை ஒழியும் என்று எதிர்பார்த்தார்கள், ஒழியவில்லை. பளபளவென்று துடைத்து எண்ணெயிட்ட குழலில்கூடச் சில நாள் கழித்துத் துரு பூத்தது. மருந்தின் அமிலம் எஃகின் நுண்துளைகளில் புகுந்து மெல்ல வெளியே கசிகிறது என்று பலர் நம்பினார்கள். பலநாள் துடைப்புக்கு இந்த நம்பிக்கையும் ஒரு காரணம். இதற்கு விடை தந்தது அமெரிக்கச் சுரங்கத் துறை 1922இல் வெளியிட்ட ஆய்வு. வில்பர்ட் ஹஃப் என்ற வேதியியலர் அதில் காட்டிய குற்றவாளி மருந்து அல்ல, அதைப் பற்றவைக்கும் பிரைமர். பிரைமரில் இருந்த பொட்டாசியம் குளோரேட் வெடித்ததும் பொட்டாசியம் குளோரைடாக மாறுகிறது. சமையல் உப்பின் நெருங்கிய உறவான இந்த உப்பு குழலின் உட்சுவரில் படிகிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 84 விழுக்காட்டைத் தாண்டினால் நீரை இழுத்துத் தானே கரைகிறது. உப்பு எண்ணெயில் கரையாது என்பதால், எண்ணெய்ப் படலத்துக்கு அடியிலேயே துரு வளர்கிறது. கொதிநீர் ஏன் பலித்தது என்பதும், ஈரமான நாட்களில் துரு ஏன் திரும்பத் திரும்ப வந்தது என்பதும் இதனால் விளங்கின.

காரணம் தெரிந்ததும் தோட்டாக்காரர்கள் உப்பை நீக்க முனைந்தார்கள். 1920களின் இறுதியில் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் துருவேற்றாத பிரைமர்கள் விற்பனைக்கு வந்தன. ரெமிங்டனின் ‘கிளீன்போர்’ அவற்றுள் ஒன்று. குளோரேட் கலவையின் இடத்தை லெட் ஸ்டிஃப்னேட் கலவை பிடித்தது. படைகள் மெதுவாகவே மாறின. அமெரிக்கப் படையே இந்த மாற்றத்தை 1950களில்தான் முடித்தது. தோட்டாவிலிருந்து உப்பு போன பிறகும் உப்புக்காக எழுந்த விதி பாடப்புத்தகத்தில் தங்கிவிட்டது.

ஆகவே ‘எத்தனை நாளுக்கு ஒருமுறை’ என்ற கேள்விக்கு, எந்தத் தோட்டா சுடப்பட்டது என்பதைப் பொறுத்தே விடை அமையும். கரிமருந்தோ பழைய ராணுவத் தோட்டாவோ சுட்டிருந்தால் அன்றே தண்ணீரால் கழுவி, நன்றாக உலர்த்தி, எண்ணெயிட வேண்டும். இதில் தளர்வுக்கு இடமில்லை.

இன்றைய .22 தோட்டாவின் ஈயக்குண்டில் மெழுகோ கொழுப்போ பூசியிருக்கும். அது குழலில் மெல்லிய பூச்சாகப் படிந்து துருவைத் தடுக்கிறது. அதை முழுவதும் துடைத்தெடுத்தால் அடுத்த சில குண்டுகள் இலக்கிலிருந்து விலகும், பூச்சு மீண்டும் படிந்த பிறகே குண்டுகள் இலக்கில் நெருங்கி விழும் கூட்டம், அதாவது குழுமம், இறுகும். அதனால் போட்டியாளர்கள் பலர் குழலை ஒவ்வொரு முறையும் துடைப்பதில்லை, சில நூறு குண்டுகளுக்கு ஒருமுறையோ குழுமம் சிதறத் தொடங்கும்போதோ துடைக்கிறார்கள். தோட்டா அமரும் அறைக்குச் சற்று முன்னால் கெட்டியான கரி வளையம் கட்டும் என்பதால் அந்த இடத்தை மட்டும் அடிக்கடி கவனிக்க வேண்டும்.

கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடும் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் மருந்தும் பிரைமரும் இல்லை, அழுத்திய காற்றுதான். அதில் படிவது கொஞ்சம் ஈயமும் தூசும் மட்டுமே. உலர்ந்த கம்பளிப் பஞ்சுக் குண்டுகளை இடையிடையே செலுத்தினால் போதும். கரைப்பானும் எண்ணெயும் உள்ளே போனால் ரப்பர் வளையங்கள் கெடக்கூடும். புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் போன்றோர் டிராப் போட்டியில் சுடும் 12 போர் துப்பாக்கியின் கதை வேறு. அதன் குழலில் பிளாஸ்டிக் உறையின் படிவு சேரும். மடங்கும் மூட்டுக்கு கிரீஸும் வேண்டும்.

உள்ளே உப்பு இல்லாவிட்டாலும் வெளியே உண்டு. கைவியர்வை பட்ட எஃகில் விரல்ரேகையின் வடிவத்திலேயே துரு படியும். எனவே எந்தத் துப்பாக்கியானாலும் பயிற்சி முடிந்ததும் வெளிப்புறத்தை எண்ணெய்த் துணியால் ஒருமுறை துடைப்பது நல்லது. மழை குறைந்த சேவூர்ப் பக்கத்தைவிடக் கடலோரச் சென்னையில், அதிலும் ஐப்பசி, கார்த்திகை மழையில், இது இன்னும் அவசியம். நுரைமெத்தை வைத்த பெட்டி ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் துப்பாக்கியை அதிலேயே மாதக்கணக்கில் மூடி வைக்கக் கூடாது.

துடைக்கத் திருப்பூரில் துணிக்குப் பஞ்சமில்லை. கிலோ கணக்கில் கிடைக்கும் பனியன் வேஸ்ட்டில் தூய பருத்தித் துண்டு எண்ணெயை நன்றாக உறிஞ்சும். பாலியஸ்டர் கலந்தது அவ்வளவாக உறிஞ்சாது. சாயத் துணி என்றால் நன்றாக அலசியதாக இருக்க வேண்டும். பருத்திக்குச் சாயம் ஏற்ற உப்பு சேர்ப்பது வழக்கம். நொய்யல் ஆற்றைக் கெடுத்து, 2011இல் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிடும் அளவுக்குப் போன சிக்கலில் அந்த உப்புக்கும் பங்கு உண்டு. சரியாக அலசாத துணியோடு அந்த உப்பு குழலுக்குள் போகக் கூடாது.

அளவுக்கு மீறித் துடைப்பதும் கேடு. குண்டு கடைசியாகத் தொட்டுச் செல்லும் குழல்வாயின் விளிம்பு தேய்ந்தால் குறி கெடும். உராயும் கம்பியும் மணல் ஒட்டிய புல்-த்ரூ கயிறும் அதைத் தேய்க்கும். எனவே முடிந்த துப்பாக்கிகளில் மேற்பூச்சுள்ள துடைப்புக் கம்பியை வழிகாட்டிக் குழாயின் உதவியோடு பின்பக்கத்திலிருந்து செலுத்த வேண்டும். தொடங்கும் முன் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்ய வேண்டும். முடிந்தபின் ஈயம் போகக் கையை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். மீண்டும் சுடுமுன் குழலில் தேங்கிய எண்ணெயை உலர்ந்த துண்டால் எடுத்துவிட வேண்டும்.