அகதி என்ற சொல்லும் எமது கண்ணும்

உலகை உள்ளபடியே நாம் அறிவதில்லை. புலன்கள் கொண்டுவருவனவற்றை மனம் தன்னிடமுள்ள அச்சுக்களில் வார்த்தே அறிகிறது என்று, 1781 இல் வெளிவந்த தமது நூலில் ஜெர்மானியத் தத்துவஞானி கான்ட் வாதித்தார். கருத்துமுதல்வாதம் என்று கூறி இதனைத் தள்ளிவிடுவது எம்மவர் சிலரின் வழக்கம். நான் அவ்வளவு விரைவில் தள்ளமாட்டேன். ஆனால், அந்த அச்சுக்களைச் செய்தவர் யார் என்ற வினா எஞ்சி நிற்கிறது. புத்தளக் கரையில் வாழ்ந்தவனுக்கு அது ஏட்டு வினா அன்று.

1344 இல் மொரோக்கோ நாட்டுப் பயணி இபுனு பதூதா, காற்றினால் அலைக்கழிக்கப்பட்டு இக்கரையை அடைந்தார். ஆரியச் சக்கரவர்த்தி அவரை விருந்தினராகக் கண்டான். பாவா ஆதம் மலைக்குச் செல்லப் பல்லக்கும் ஆட்களும் கொடுத்தான்.

1990 ஒக்டோபரில், விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாண நகரத்தாருக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னார்த் தீவினர் பலர் படகுகளிலே கற்பிட்டியில் வந்திறங்கினர். அவர்களையும் ஊரார் முதலில் விருந்தினராகவே கண்டனர். சோறு சமைத்துக் கொடுத்தனர். பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்துவிட்டனர். ஆண்டுகள் சில சென்றதும் விருந்தினர் 'அகதி' ஆயினர்.

வந்தவர்கள் மாறிவிட்டார்களா? இல்லை. கிணற்றடியிலும் வகுப்பறையிலும் நெரிசல் மிகுந்தது. தோட்டங்களிலே குறைந்த கூலிக்கு ஆள் கிடைத்தது. தோட்டக்காரனுக்கு அவர்கள் மலிவான உழைப்பு. ஊர்க் கூலியாளுக்குப் போட்டிக்காரர். நிவாரணப் பதிவேடு எழுதிய அலுவலருக்கு அட்டை இலக்கம். மனம் உருவம் கொடுத்துத்தான் காண்கிறது, கான்ட் சொன்னது சரியே. அந்த உருவத்தை மனத்துக்குக் கொடுத்ததோ கூலிக் கணக்கு. (பல்லக்குக் கொடுத்த மன்னனுக்குக் கூலிப் போட்டி இல்லை என்பதையும் மறக்கலாகாது.)

இக்கரையில் ஆசிரியனாயிருந்த காலத்தில், 'எனது ஊர்' என்று கட்டுரை எழுதச் சொன்னேன். கற்பிட்டியிற் பிறந்த மாணவியொருத்தி, தான் ஒருநாளும் கண்டிராத மன்னார்க் கிராமமொன்றை எழுதியிருந்தாள். ஒழுங்கை, பனைகள், கிணற்றின் எத்தனையாவது படியில் நீர் நிற்கும் என்பது வரை அதில் இருந்தது. எல்லாம் உம்மம்மா சொன்னவை. கண்ட ஊரைவிடக் கேட்ட ஊர் அவளுக்குத் தெளிவாயிருந்தது. பக்கத்து வாங்கில் இருந்தவள் அதைப் படித்துவிட்டு, "அப்ப நீங்க அகதி ஆக்கள்தானே?" என்று கேட்டாள். இருவரின் தாய்மாரும் அப்போது ஒரே வெங்காயத் தோட்டத்திற் களை பிடுங்கிக்கொண்டிருந்தனர்.